பழனாத்தாளின் மூச்சு

பழனாத்தாளுக்கு எலும்பெல்லாம் மூங்கில் பத்தை. நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு பழைய கால்பந்து பிளாடர், கழுத்துக்கு சைக்கிள் டியூப், தலைக்கு முற்றின சுரைக்குடுக்கை, மற்றபடி உடம்பு முழுக்க வைக்கோல். மேலே நைந்துபோன ஒரு நீலச் சேலை. கோவிந்தாபுரத்துக்குத் தெற்கே இருந்த கருவேலம்பள்ளத்து ஹெல்த் சென்டரின் முன்னறையில், பெஞ்சு மேல் ராணி மாதிரி படுத்துக் கிடந்தாள். ஆறு மருத்துவ மாணவர்கள் விடிந்ததிலிருந்து மாறி மாறி அவள் வாயில் ஊதுவதும் நெஞ்சை அழுத்துவதுமாக இருந்தார்கள். பார்க்கிற ஊருக்கு இது எப்படி இருக்கும்? காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவர்கள் காய்ச்சலை மறந்துவிட்டு ஜன்னலில் தொங்கினார்கள்.

"அந்த டாக்டரம்மாவுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று ஊரே பேசியது.

டாக்டரம்மா என்றால் கமலாத்தாள். பக்கத்து ஊர்க் குடியானவர் வீட்டுப் பெண்தான். படித்து, மயக்க மருந்து டாக்டராகி, மெடிக்கல் காலேஜில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனவள். வயது முப்பத்திரண்டு. சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்; இவளுக்கு அது நாக்கிலேயே குடியிருந்தது. பழனாத்தாளைச் செய்தவளும் இவள்தான். மூங்கில் பத்தையை வளைத்துக் கட்டி, டியூபை ஒட்டி, ஒட்டினது பிய்ந்து, மறுபடி ஒட்டி, விரலெல்லாம் பஞ்சர் சொல்யூஷன் பிசுக்கோடு அலைந்தாள். ஆனால் செய்தாள் பாருங்கள், அது செய்கை! பழனாத்தாளின் தலையை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்துத் தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து ஊதினால்தான் டியூப் நிமிர்ந்து காற்று உள்ளே போகும், நெஞ்சு எழும்பும். சாய்க்காமல் ஊதினால் டியூப் மடங்கிக்கொள்ளும். ஊதினவன் கன்னம்தான் உப்பும். மனிதத் தொண்டையும் அப்படித்தான் என்பதால், பாடம் சொல்ல வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

'டம்மி' என்று ஒரு பையன் சொன்னதற்கு அன்று அவன் காது கிழிந்தது. "அவளுக்குப் பேர் இருக்குது. பழனாத்தாள். நீ தொடற ஒவ்வொருத்தருக்கும் பேர் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுத் தொடு" என்றாள்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்றால், அதற்கு ஒரு கதவு காரணம்.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. வார்டில் யாராவது இறந்தால் கதவைச் சாத்திவிட்டு மாணவர்களை உள்ளே விடுவார்கள். தொண்டையில் குழாய் போட்டுப் பழகு, நெஞ்சை அழுத்திப் பழகு. எல்லாரும் பழகி முடித்த பிறகுதான் வெளியே நிற்கிற சொந்தபந்தத்திடம் 'போய்விட்டார்' என்று சொல்வார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. உயிர் காக்கப் படிக்க வேறு வழியில்லை என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் கமலாத்தாள் அந்த வழியாக வந்தபோது, கதவுக்கு வெளியே கஞ்சித் தூக்கோடு நின்ற ஒரு பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, உள்ளுக்குள்ள விடாம வைத்தியம் பாக்கறாங்களே, பொழைச்சுக்குவாருங்களா?"

அவள் புருஷன் எப்போதோ போயாயிற்று. உள்ளே வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர்தான் பழகி முடித்திருந்தார்கள். கமலாத்தாள் அந்தக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். நேராகப் பேராசிரியர் ஈஸ்வரமூர்த்தியின் அறைக்குப் போய் மேஜையைத் தட்டிவிட்டாள்.

பேராசிரியர் நிதானமான மனுஷர். சத்தம் போடவே மாட்டார். அதனாலேயே அவரை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். "கேட்டுட்டுச் செய்யணும்ங்கற. சரி. புருஷன் செத்த நிமிஷத்துல போய்க் கேட்டா எவ குடுப்பா, கமலா? குடுக்க மாட்டா. அப்புறம் இந்தப் பசங்க முதன்முதலா யார் மேல பழகறது? நாளைக்கு உசுரோட வர்றவன் மேலயா?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"கேட்டுப் பாப்போம் சார். இல்லைன்னா பொம்மையில பழகட்டும்."

வெளிநாட்டிலிருந்து அப்படி ஒரு பொம்மை வரவழைக்கக் காலேஜுக்கு வசதி இல்லை. "நானே செய்யறேன்" என்றாள் வீம்புக்கு. பேராசிரியர் சிரிக்கவில்லை. ஆறு மாணவர்களைக் கிராமப் பயிற்சிக்கு அழைத்துப் போகச் சொன்னார். பயிற்சி முடிகிற நாளில் தானே வந்து பரீட்சை வைப்பதாகவும் சொன்னார். தேறினால், இனி அந்த ஆஸ்பத்திரியில் கேட்காமல் ஒரு பிணத்தையும் தொட மாட்டார்கள். தேறாவிட்டால் கதவு பழையபடி சாத்தப்படும், கமலாத்தாளும் வாயைச் சாத்திக்கொள்ள வேண்டும். அதுதான் பேச்சு.

அதனால் கருவேலம்பள்ளத்தில் இரண்டு பாடம் நடந்தது. காலையில் மூச்சு ஊதுகிற பாடம். மத்தியானம் கேட்கிற பாடம். கமலாத்தாள் முக்காடு போட்டுக்கொண்டு, புருஷனைப் பறிகொடுத்த பெண்ணாக உட்கார்ந்துகொள்வாள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, அழ விட்டு, பிறகு அனுமதி கேட்க வேண்டும். "மாட்டேன்" என்று அவள் கத்தினால் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒருத்தன் மன்றாடினான், விரட்டினாள். அன்னாள் என்ற பெண் கேட்பதற்குள் தானே அழுதுவிட்டாள். அழுத்துகிற பாடத்தில் ஆம்பிளைப் பையன்களெல்லாம் அவள் கைப்பலத்துக்கு முன்னால் நிற்க முடியாது, கேட்கிற பாடத்தில் உருகிப் போனாள்.

இதில் சூரன் சுவக்கீன் என்ற பையன்தான். பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். அங்கே விறகு பொறுக்கவும் கேட்க வேண்டும், குடியிருக்கிற லயத்துச் சுவரில் ஆணி அடிக்கவும் கேட்க வேண்டும், கல்யாணத்துக்குப் போகவும் கேட்க வேண்டும். கேட்காமல் எதையும் தொட்டறியாத பிள்ளை.

"அம்மா, ஒங்க வீட்டுக்காரரு எங்க கைய விட்டுப் போயிட்டாரு. மறைக்காமச் சொல்லுதேன். இன்னொருத்தரக் காப்பாத்த நாங்க படிக்கணும். அவரத் தொட்டுப் படிச்சுக்கிடலாமா? வேண்டாம்னா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று அவன் கைகட்டி நிற்கும்போது, முக்காட்டுக்குள் கமலாத்தாளுக்கே கண் கலங்கும்.

"இவனப் பாத்துப் படிங்க!" என்பாள் மற்றவர்களிடம்.

அந்த வருஷம் வானம் பொய்த்துப் போயிருந்தது. கிணற்றில் ஏற்றம் வைக்கவும் தண்ணீர் இல்லை, மோட்டார் போடவும் தண்ணீர் இல்லை. சோளக்காடு வெடித்துக் கிடந்தது. மேற்கே மலை முழுக்க மேகம் வந்து நின்றுவிட்டு, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போனது. அப்போது ஒரு நாள் ஊர்ப் பெண்கள் திரண்டு ஹெல்த் சென்டருக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் செல்லாத்தாள். அந்த ஊரில் எந்தச் சாவுக்கும் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். குரல் நாலு காடு தாண்டிக் கேட்கும். வாயோ அதற்கு மேல்.

"கமலாத்தா, நீ நம்ம பக்கத்துப் புள்ளையா இருக்கறதால மரியாதையாக் கேக்கறேன். ஊருல மழை வரோணும்னு நாங்க கொடும்பாவி கட்டி இழுக்கப் போறோம். ஊருப் பாவமெல்லாம் அவ மேல ஏத்தி, அழுது, மாரடிச்சு, கொளுத்தோணும். அவ செத்தாத்தான் மழை. நீ என்னடான்னா இங்க ஒரு வைக்கப்புல்லுக்காரியப் படுக்க வெச்சு, பொழுதன்னிக்கும் உசுரு ஊதறே! பாவிக்கு மூச்சுக் குடுத்தா எப்படியாயா மழை பேயும்?"

பின்னால் நின்ற பெண்கள் "அதானே" என்றார்கள்.

கமலாத்தாள் பொம்மைக்கும் அவர்களுக்கும் நடுவே வந்து நின்றாள். அது கொடும்பாவி இல்லை, பாடம் சொல்கிற பொம்மை என்றாள். பேர் பழனாத்தாள் என்றாள். பேர் வேறு வைத்திருக்கிறாயா என்று அதற்கும் சேர்த்துச் சண்டை வந்தது. கடைசியில் செல்லாத்தாள் ஒரே போடாகப் போட்டாள். ஊர் தனியாகக் கொடும்பாவி கட்டப் போவதில்லை. இத்தனை நாள் உயிர் ஊதினார்களே, அந்தப் பழனாத்தாளையே இழுத்துக் கொளுத்தினால்தான் கணக்குத் தீரும்.

மாணவர்கள் பொம்மையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சுவக்கீன் அதன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

கமலாத்தாள் நாக்கைக் கடித்துக் கோபத்தை விழுங்கினாள். வெடித்த காடும், இந்தப் பெண்கள் தலையில் வெறும் குடத்தோடு தண்ணீர் தேடி நடப்பதும் அவளுக்குத் தெரியாததா? அவள் அப்பா வீட்டுக் கிணறும் வறண்டுதான் கிடந்தது.

"செல்லாத்தாக்கா, வெள்ளிக்கிழமை எங்க பெரிய டாக்டர் வந்து பரீட்சை வெக்கறாரு. அதுவரைக்கும் பழனாத்தாள எனக்குக் குடுங்க. பரீட்சை முடிஞ்ச நிமிசம் அவ ஊருச் சொத்து. நீங்க கொளுத்துங்க, கொஞ்சுங்க, நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

"வாக்கு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

வெள்ளிக்கிழமை பேராசிரியர் ஜீப்பில் வந்து இறங்கியபோது, ஹெல்த் சென்டர் வாசலில் ஐம்பது பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தப்பட்டைக்காரர்கள் தப்பட்டையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் பதறிப் போய், "யார் செத்தது?" என்றார்.

"இன்னும் சாவுலீங்க. நீங்க பரீட்சைய முடிங்க, அப்புறமேட்டு எடுத்துக்கறோம்" என்றாள் செல்லாத்தாள்.

பரீட்சை நடந்தது. குறை சொல்ல முடியாதபடி நடந்தது. அன்னாள் அழுத்த, சுவக்கீன் ஊத, பழனாத்தாளின் நெஞ்சு ஏறி இறங்கியது. ஜன்னலில் தொங்கின பெண்கள், தாங்கள் கொளுத்த வந்ததை மறந்து, "தலையைச் சாய்டா, காத்துப் போவுல" என்று ஒரு பையனுக்கு எடுத்துக்கூடக் கொடுத்தார்கள். அனுமதி கேட்கிற பாடத்தையும் பேராசிரியர் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் முடிந்ததும் கமலாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கை சுத்தமா இருக்குது. நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கே. ஆனா வைக்கோல் வைக்கோல்தான், கமலா. இது வாந்தி எடுக்காது. இதோட சொந்தக்காரன் பக்கத்துல நின்னு அலற மாட்டான். நிஜமா ஒரு ஆள் முன்னால விழுந்தா உன் பசங்க திகைச்சு நிப்பாங்க. அந்தத் திகைப்புப் போகணும்னா நிஜ உடம்பு வேணும். பழைய முறைதான் சரி."

கதவு சாத்தப்படுகிற சத்தமே கமலாத்தாளின் காதில் கேட்டது. சொன்ன வாக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. பழனாத்தாளைத் தூக்கி செல்லாத்தாளிடம் கொடுக்கச் சொன்னாள்.

தப்பட்டை அதிர்ந்தது. பழனாத்தாள் கயிற்றில் கட்டப்பட்டு, ஒரு தட்டியின் மேல் இழுபட்டுப் போனாள். மாணவர்களும் துக்கம் தாங்காமல் பின்னாலேயே போனார்கள். செல்லாத்தாள் மாரில் அடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்:

"காடெல்லாம் வெடிச்சிருக்கே, கண்ணு இன்னும் தொறக்கலியே,
கொடமெல்லாம் காஞ்சிருக்கே, கொடும்பாவி சாவுலியே…"

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குரலுக்கு வானமே காது கொடுத்த மாதிரிதான் ஆயிற்று. ஊர்வலம் குட்டைக் கரையைத் தொடும்போது மேற்கே கறுத்தது. காற்று புழுதியை வாரி இறைத்தது. முதல் துளி விழுந்ததும் பெண்கள் கூவிவிட்டார்கள். செல்லாத்தாள் இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கி, பனைமரத்தோரமாக நின்று, அடுத்த அடியை எடுக்க வாயைத் திறந்தாள்.

கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். கூடவே இடி. பனை உச்சி பற்றிக்கொண்டது. எல்லாரும் விழுந்தடித்து எழுந்தபோது செல்லாத்தாள் மட்டும் எழவில்லை. வாய் திறந்தபடியே கிடந்தாள். அந்த வாயிலிருந்து சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை.

ஹெல்த் சென்டர் வாசலில் நின்ற கமலாத்தாள் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். பேராசிரியரும் பின்னால் ஓடி வந்தார். ஓடும்போதே அவள் பார்த்தாள்: சுவக்கீன் எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். செல்லாத்தாளைப் பனையடியிலிருந்து இழுத்துப் போட்டான். மண்டியிட்டான். 'அப்படித்தான்டா சாமி' என்று மனசுக்குள் கத்திக்கொண்டே ஓடினாள். ஆனால் பாவிப்பயல் ஊதவில்லை! எழுந்து நின்றான். செல்லாத்தாளின் புருஷன் பொங்கியண்ணன் நடுங்கிக்கொண்டு நின்ற பக்கம் திரும்பினான். கையைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணாச்சி, மறைக்காமச் சொல்லுதேன்… ஒங்க வீட்டுக்காரிய நான் தொட்டு… வாயில ஊதணும். வேண்டாம்னா ஒரு வார்த்தை…"

பொங்கியண்ணனுக்கு என்ன கேட்கிறான் என்றே விளங்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஒவ்வொரு கணமும் செல்லாத்தாளின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

கமலாத்தாளுக்குச் சுரீர் என்றது. அவன் பிசகவில்லை, அவள் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தான். கேள், கேள் என்று அத்தனை நாள் ஓதினாளே, எப்போது கேட்கக் கூடாது என்று ஒரு நாளாவது சொன்னாளா? பொம்மைக்கு அவசரமே கிடையாது; அதனால் அந்தப் பாதிப் பாடம் அவளுக்குத் தோன்றவே இல்லை. ஓட்டத்தை நிறுத்தாமல் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"டேய் சுவக்கீனு! செத்தவங்களத் தொடத்தான்டா கேக்கோணும்! உசுருக்குப் போராடறவங்க கேக்கறாங்கடா உன்னைய! ஊதுடா!"

அந்தச் சத்தத்தில் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி, "செல்லாத்தாம்மா!" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டபடி தலையைச் சாய்த்தான், தாடையைத் தூக்கினான், ஊதினான். பழனாத்தாளுக்கு எழும்பின மாதிரியே நெஞ்சு எழும்பியது. அன்னாள் வந்து விழுந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள்.

"தொடாதீங்க, ஒடம்புல இடி இருக்குது!" என்று யாரோ கத்தினார்கள். கமலாத்தாள் செல்லாத்தாளின் கழுத்தில் விரலை வைத்தபடி மழையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் ஒரு கிழவர் முணுமுணுத்தார். "வானம் ஒரு உசுர எடுத்துக்கிட்டுத்தான் மழையக் குடுத்திருக்குது. அதப் போயித் திருப்பிக் கேட்டா, மழையும் திரும்பிப் போயிரும்."

பொங்கியண்ணனுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. வாழ்நாளில் பெண்டாட்டிக்கு எதிரில் குரல் உயர்த்தாத அந்த மனுஷர், ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "போனாப் போகட்டுமய்யா உங்க மழை! காடு காஞ்சு கருகட்டும். எனக்கு என்ற செல்லாத்தா வேணும்! தம்பி, நீ ஊது சாமி!"

ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான். அன்னாளின் கை தளர்ந்தது. யார் மாறுவது என்று பார்ப்பதற்குள், வெள்ளைப் பேண்ட் போட்ட ஒரு ஆள் சேற்றில் தொப்பென்று மண்டியிட்டார். பேராசிரியர்தான். "தள்ளும்மா" என்றுவிட்டு அழுத்தினார். எத்தனையோ வருஷம் கற்றுக் கொடுத்த கை, ஆனால் வேகமெடுத்துவிட்டது.

"சார், மெதுவா! நெஞ்சு மேல வர விடுங்க!" என்று கமலாத்தாள் அதட்டினாள். அவரும் மாணவன் மாதிரி "சரி" என்றார்.

நேரம் போயிற்று. மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. பேராசிரியர் மூச்சு வாங்க, தாழ்ந்த குரலில் சொன்னார். "கமலா… போதும். வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடலாம்."

கமலாத்தாள் செல்லாத்தாளின் இமையை விலக்கிப் பார்த்தாள். "கண்பாப்பா சுருங்குது சார். இடி விழுந்தவங்க சீக்கிரம் போக மாட்டாங்க. இதயம் தானா எழுந்துக்கும், மூச்சுதான் லேட்டா வரும். அதுவரைக்கும் இவங்களுக்காக நாம மூச்சு விடணும். விடாதீங்க!"

விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் விரலடியில் ஏதோ லேசாகத் தட்டியது. மழைத்துளியோ என்று நினைத்தாள். மறுபடியும் தட்டியது. "நாடி! நாடி வந்துருச்சு! அழுத்தறத நிறுத்துங்க சார்! சுவக்கீன், நீ ஊது!" அவன் ஊதினான், ஊதினான், அடுத்த ஊதலுக்குக் குனிந்தபோது செல்லாத்தாளே அவன் முகத்தில் இருமினாள். பெரிய, அசிங்கமான, ஊர் கேட்கிற இருமல். அதைவிட இனிமையான சத்தத்தைக் கமலாத்தாள் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஒருக்களித்துப் படுக்கப் போட்டதும் வாந்தி எடுத்தாள், மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள்.

தப்பட்டைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, நனைந்த தப்பட்டையை எடுத்து அடித்தார்கள் பாருங்கள், கோயில் நோன்புக்குக்கூட அப்படி அடித்ததில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். அன்னாள் சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பொங்கியண்ணன் யார் காலில் விழுவது என்று தெரியாமல், கடைசியில் பேராசிரியரின் ஜீப் டிரைவர் காலில் விழுந்துவிட்டார். மழையும் திரும்பிப் போகவில்லை. ராத்திரி முழுக்கப் பெய்து குட்டையை நிரப்பியது.

மறுநாள் காலையில் செல்லாத்தாள் பழனாத்தாள் படுத்திருந்த அதே பெஞ்சில் படுத்து, சீரகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஓடையில் வெள்ளம் வடியாததால் பேராசிரியரும் அங்கேயே தங்கியிருந்தார்.

"ஆருங்க அது, என்ற நெஞ்சு மேல ஏறி மிதிச்சது? விலாவெல்லாம் நோவுது" என்றாள் செல்லாத்தாள்.

"நான்தாம்மா" என்றார் பேராசிரியர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"பாத்தா படிச்சவராட்டம் இருக்கறீங்க. கொஞ்சம் பதமா மிதிக்கறதுக்கென்னங்க?"

கமலாத்தாள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் சுவக்கீன் பழனாத்தாளை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தான். மழை வந்துவிட்டதால் கொளுத்த வேண்டிய அவசியம் இல்லாமல், பெண்கள் குட்டைக் கரையிலிருந்து அவளைத் தூக்கி வந்திருந்தார்கள். வைக்கோல் ஊறிப் போயிருந்தது. பிளாடரும் டியூபும் கெடவில்லை.

ஓடை வடிந்ததும் பேராசிரியர் புறப்பட்டார். கமலாத்தாளிடம் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீப்பை நோக்கிப் போனவர், வழியில் பழனாத்தாளைப் பார்த்து நின்றார். குனிந்து, கழுத்து டியூபைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அவளைத் தூக்கி ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்தார். டிரைவர் விழித்தான். கமலாத்தாளுக்குப் புரிந்துவிட்டது; காலேஜுக்குக் கொண்டுபோகிறார்! அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் ஏதோ நினைத்துக்கொண்டவர் போல நின்றார். பழனாத்தாளை மறுபடியும் சீட்டிலிருந்து எடுத்து, பழைய இடத்திலேயே பத்திரமாக வைத்தார். திரும்பி நடந்து உள்ளே வந்தார். செல்லாத்தாளின் பெஞ்சுக்கு முன்னால் நின்று, சுவக்கீன் நிற்பதைப் போலவே கையைக் கட்டிக்கொண்டார்.

"அம்மா, அந்தப் பொம்மை இப்ப ஊர்ச் சொத்துன்னு கமலா சொன்னா. எங்க காலேஜ்ல அதை வெச்சு நிறையப் பேர் படிக்கணும். நான் எடுத்துட்டுப் போகலாமா? வேண்டாம்னா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அந்த மனுஷர் எதற்காவது யாரிடமாவது அனுமதி கேட்டுக் கமலாத்தாள் பார்த்ததே இல்லை. அவர் கதவை மூடித்தான் பார்த்திருக்கிறாள்.

செல்லாத்தாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. மழை வந்தாச்சு, இனி எங்களுக்கு அவ எதுக்கு? நல்லாப் பாத்துக்கோங்க" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "ஏனுங்க, கேட்டுக்கோங்க. வைக்கப்புல்லு பொம்மைக்கே வந்து கேக்கறாரு பாருங்க, இந்தப் பெரிய மனுசன். நாளைக்கு நெசமாவே நாஞ்செத்துப் போனா, ஜன்னல்ல பாத்தமே, அந்தப் பாடத்தாட்டம் என்ற ஒடம்பத் தொட்டுப் படிக்கலாமான்னு உங்ககிட்டயும் வந்து கேப்பாரு. அப்பக் குடுத்துருங்க" என்றாள்.

பொங்கியண்ணன் பதறினார். "வாயக் கழுவு! நேத்துத்தான் போயிட்டு வந்திருக்கறே!"

"அதுக்குத்தானுங்க சொல்றேன். நேத்து அந்தத் தம்பிக்கு ஊதத் தெரிஞ்சுதில்ல? எதுலயோ படிச்சுத்தான தெரிஞ்சுது?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கமலாத்தாளை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்று தெரிந்திருக்கும், அவள் துடைத்தது கண்ணாடியை இல்லை, முந்தானையால் கண்ணை. ஜீப் கிளம்பும்போது பழனாத்தாள் முன்சீட்டில் இருந்தாள். பேராசிரியர் பின்னால் ஏறி உட்கார்ந்து, எட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கமலா, திங்கட்கிழமை சீக்கிரம் வந்துடு. அந்த வார்டுக் கதவைக் கழட்டச் சொல்லணும்" என்றார்.